தோல் நிரப்பி

தோல் நிரப்பி என்பது முகச் சுருக்கங்களைக் குறைப்பதற்கும், குழிந்த கன்னம், மெலிந்த உதடு போன்ற பகுதிகளுக்குப் பருமன் அளிப்பதற்கும் ஊசி மூலம் தோலுக்குள்ளோ தோலுக்கடியிலோ செலுத்தப்படும் பொருள் ஆகும். இன்று பெரிதும் பயன்படுவது ஐயலுரோனிக் அமிலத்தாலான நிரப்பி ஆகும்.

நிரப்பியையும் போட்டாக்சையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. போட்டாக்சு தசைக்குச் செல்லும் நரம்புச் சமிக்ஞையைத் தடுத்து, அத்தசை சுருங்குவதைத் தற்காலிகமாகக் குறைக்கிறது. நிரப்பி தசையை மாற்றுவதில்லை. இழந்த பருமனை ஈடு செய்கிறது. ஆகவே நெற்றியைச் சுருக்கும்போது தோன்றும் கோடுகளுக்கு முன்னதும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்புக்குப் பின்னதும் பெரும்பாலும் பயன்படுத்தப்படுகின்றன.

முகம் பருமன் இழக்கும் விதம்

வயது கூடும்போது தோலுக்கு உறுதியளிக்கும் கொலாசன் என்னும் புரதம் குறைகிறது. கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் உள்ள கொழுப்புத் திட்டுகள் மெலிகின்றன. தாடை எலும்பும் கண்குழியைச் சூழ்ந்த எலும்பும்கூடச் சிறிது தேய்கின்றன. பந்தற்கால்கள் தாழ்ந்தால் மேல்துணி தொய்வதைப் போல, தாங்கும் அடித்தளம் குறையும்போது தோல் தொய்ந்து மடிகிறது. வெயிலும் புகைப்பழக்கமும் தோல் முதுமையை விரைவுபடுத்துகின்றன.

வரலாறு

1893ஆம் ஆண்டில் செருமானிய அறுவை மருத்துவர் நாய்பர், நோயாளியின் கையிலிருந்து எடுத்த கொழுப்பைக் கொண்டு முகத்தழும்பின் குழியை நிரப்பினார். சில ஆண்டுகளில் வியன்னாவைச் சேர்ந்த இராபர்ட் கெர்சூனி பாரஃபினை ஊசி மூலம் செலுத்தும் முறையைக் கையாண்டார். முதலில் நற்பயன் தருவதாகத் தோன்றிய அம்முறை, நாளடைவில் கட்டிகளையும் உருக்குலைவையும் உண்டாக்கியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய திரவ சிலிக்கோனும் இத்தகைய தீங்குகளை விளைவித்தது. இவ்விரு பொருட்களையும் உடல் சிதைத்து வெளியேற்றுவதில்லை. திசுக்களுக்கிடையே பரவியபின் முழுமையாக அகற்றுவதும் கடினம்.

1981ஆம் ஆண்டில் மாட்டுத்தோலிலிருந்து பெறப்பட்ட கொலாசன் நிரப்பிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. இது சில மாதங்களே நீடித்தது. ஒவ்வாமை உண்டா என அறியத் தோற்சோதனையும் தேவைப்பட்டது. பின்னர் சுவீடனில் உருவான ரெஸ்டிலேன் என்னும் ஐயலுரோனிக் அமில நிரப்பி, 1996இல் ஐரோப்பாவிலும் 2003இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

ஐயலுரோனிக் அமிலம்

இது சர்க்கரை மூலக்கூறுகளாலான நீண்ட சங்கிலி. 1934ஆம் ஆண்டில் கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகியோர் மாட்டின் கண்ணிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். மனிதத் தோலிலும் மூட்டுகளிலும் இது இயல்பாகவே உள்ளது. நீரை ஈர்த்துத் தக்கவைப்பது இதன் சிறப்பியல்பு. ஆயினும் தோலில் உள்ள இயல்பான அமிலம் ஓரிரு நாட்களிலேயே சிதைந்துவிடும். எனவே நிரப்பி தயாரிக்கும்போது சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தி, அதனைக் கூழ் நிலைக்குக் கொண்டுவருகின்றனர். இக்கூழின் பயன் பொதுவாக 6 முதல் 18 மாதங்கள் நீடிக்கும்.

ஐயலுரோனிடேசு என்னும் நொதியை ஊசி மூலம் செலுத்தி இந்நிரப்பியைக் கரைத்துவிடலாம். தவறு நேர்ந்தால் மீட்க வழியிருப்பதே இதனை முந்தைய பொருட்களிலிருந்து வேறுபடுத்தும் முதன்மையான பண்பு ஆகும்.

பிற வகைகள்

• கால்சியம் ஐதராக்சிஅபடைட்டு: எலும்பிலும் பல்லிலும் உள்ள கனிமத்தை ஒத்தது. ஏறத்தாழ ஓராண்டு நீடிக்கும்.
• பாலிலாக்டிக் அமிலம்: உடலின் கொலாசன் உற்பத்தியைத் தூண்டுவது. எச்.ஐ.வி. தொற்றுடையோரின் முகக் கொழுப்பு இழப்பைச் சீராக்க 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பழைய எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றால் கன்னங்கள் ஒட்டிப்போய், முகமே நோயை வெளிக்காட்டும் நிலை இருந்தது. அவர்களுக்கு இது வெறும் ஒப்பனையன்று.
• பாலிமெத்தில் மெத்தாக்ரைலேட்டு நுண்மணிகள்: உடலில் நிலையாகத் தங்குபவை. அகற்ற அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

இவற்றைக் கரைக்க ஐயலுரோனிடேசு உதவாது.

பக்க விளைவுகள்

வீக்கம், சிவத்தல், இரத்தக்கட்டு ஆகியவை பொதுவானவை. பெரும்பாலும் சில நாட்களில் மறையும். கிருமித்தொற்றும் முடிச்சுகளும் சிலருக்கு ஏற்படலாம்.

அரிதாயினும் மிகக் கடுமையானது, நிரப்பி தவறுதலாக இரத்தக்குழாய்க்குள் புகுந்து அதனை அடைப்பதாகும். அடைப்பு ஏற்பட்டால் அப்பகுதித் தோல் அழுகக்கூடும். முகத் தமனிகளின் கிளைகள் கண்ணுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியுடன் இணைந்துள்ளன. ஊசியின் அழுத்தத்தால் நிரப்பி எதிர்த்திசையில் தள்ளப்பட்டு, விழித்திரைத் தமனியை அடைத்தால் பார்வை நிரந்தரமாகப் போகலாம், பக்கவாதமும் ஏற்படலாம். மூக்கும் புருவங்களின் இடைப்பகுதியும் இவ்வகையில் மிகுந்த இடர் உள்ள இடங்கள். கடும் வலி, தோல் வெளிறுதல், பார்வை மங்கல் ஆகியன தோன்றினால் உடனடி மருத்துவ உதவி தேவை. தோலில் ஏற்படும் அடைப்பை நொதியால் நீக்க இயலும். இழந்த பார்வை மீள்வது அரிது.

கட்டுப்பாடுகள்

ஒப்பனைக்காகத் திரவ சிலிக்கோனை ஊசியில் செலுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளிக்கவில்லை. ஊசியின்றிக் காற்றழுத்தத்தால் நிரப்பியைச் செலுத்தும் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என அது 2021இல் எச்சரித்தது. இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கு ஒப்பனை நோக்கில் நிரப்பி செலுத்துவது 2021 அக்டோபர் முதல் குற்றமாகும்.