வயல் மருந்து வீட்டிற்கு ஆகாது

பயிருக்குத் தெளித்தது போக மிஞ்சிய பூச்சிமருந்தை வீட்டிற்குக் கொணர்ந்து, மூட்டைப்பூச்சிக்கும் எறும்புக்கும் தெளிக்கும் வழக்கம் அங்கத்தினர் சிலரிடம் உண்டு. செலவு மிச்சம் என்பது அவர்கள் எண்ணம். உயிருக்கு உலை வைக்கும் சிக்கனம் சிக்கனமாகாது.

வயலில் வெயிலும் காற்றும் மருந்தின் வீரியத்தை நாளடைவில் குறைத்துவிடும். அடைத்த அறையிலோ அது சுவரிலும் பாயிலும் தறியில் ஏற்றிய பாவிலும் தங்கிவிடும். தரையில் தவழும் குழந்தையே முதலில் அதைத் தொடும்.

தானியத்திற்கு இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இதனினும் கொடியது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயு கிளம்பி, கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்கும் செல்லும். அந்நஞ்சை முறிக்கும் மருந்து இல்லை. மக்கள் உறங்கும் வீட்டில் அம்மாத்திரையை இடவே கூடாது.

காலி டப்பாவும் நஞ்சே. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது. மருந்து டப்பாவில் சமையல் எண்ணெய் வைக்கப்பட்டதே காரணமென்று போலீசார் கூறினர்.

ஆகவே, தானியத்தை நன்கு உலர்த்திச் சேமியுங்கள். கட்டிலின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுங்கள், எலிவளைகளை அடையுங்கள். காலி டப்பாக்களைத் துளையிட்டு, எவரும் எடுக்காவண்ணம் அப்புறப்படுத்துங்கள். எவரையேனும் நஞ்சு தாக்கினால், வாந்தியெடுக்கச் செய்ய முயலாது, டப்பாவில் உள்ள மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.