மிளகுத்தண்ணீர்: காயும் கனியும் சேர்த்து வீட்டில் செய்யும் முறை

கோடைக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாட் காலையில் மாந்தோப்புக்குள் சென்று பார்த்தவர்களுக்கு, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்களின் கணக்குத் தெரியும். அடிபட்ட காயை வியாபாரி எடுப்பதில்லை. தக்காளியின் கதியும் இதுவே. விலை இறங்கிய வாரத்தில், பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கட்டாதென்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவதும், சாலையோரத்தில் கொட்டிவிட்டுத் திரும்புவதும் நாம் கண்கூடாகக் காண்பவை. இப்படி வீணாகும் பண்டம் முழுவதையும் வீட்டு அடுப்பு மீட்டுவிடுமென்று சொல்ல வரவில்லை. ஆனால் விளைவித்தவர் வீட்டிலேயே அதில் ஒரு பங்கு உணவாகாமற் போவதற்கு நியாயமில்லை. அதற்கு ஏற்றதொரு பாகம் மிளகுத்தண்ணீர்.

இது நம் நாட்டுச் சரக்கே. சென்னையிலிருந்த ஆங்கிலேயர் நம் மிளகுத்தண்ணீரைப் பழகி, இறைச்சியும் சேர்த்துக் கெட்டியாக்கி, 'மல்லிகட்டானி' என்று பெயரைச் சிதைத்துத் தம் தேசத்துக்குக் கொண்டு சென்றனர். எலைஸா ஆக்டன் என்னும் மாது 1845இல் லண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் இதற்கு இடமளித்திருக்கிறார். மாங்காயும் புளியும் எளிதிற் கிடையாத அந்நாட்டில் புளிப்பு ஆப்பிளை இடும் வழக்கம் பரவிற்று. இன்று சிலர் ஆப்பிளை விலைக்கு வாங்கி இதைச் செய்கின்றனர். தோப்பு வைத்திருப்பவர் அவ்வாறு செய்வது வேடிக்கையே. கனி இதிற் சேர்வது முக்கியமாகப் புளிப்புக்காக. ஆகையால் மாங்காயே உத்தமம். அன்னாசி இட்டால் இனிப்பு மிகும். அதற்கேற்ப மிளகைக் கூட்ட வேண்டும். நன்கு கனிந்த மாம்பழம் இதற்கு உதவாது.

ஆறு பேருக்கு வேண்டியவை: துவரம்பருப்பு 100 கிராம், காரட், சௌசௌ, சுரைக்காய் முதலியவற்றில் கிடைத்தவை 400 கிராம், தக்காளி 250 கிராம், நடுத்தரமான மாங்காய் ஒன்று, சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு ஆறு பல், இஞ்சி ஒரு துண்டு, அரை மூடித் தேங்காயின் பால். பொடிக்கு மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, தனியா ஐந்து தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி. மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு அளவாக.

முதலில் பருப்பை மஞ்சளுடன் ஒன்றரை லிட்டர் நீரில் குழைய வேகவிட்டு, பிறகு நறுக்கிய காய்களை இடுக. தக்காளியையும் மாங்காயையும் ஆரம்பத்திலேயே போடுவதுதான் பலர் செய்யும் தவறு. புளிப்பு சேர்ந்த நீரில் பருப்பும் காயும் மிருதுவாவது தடைப்படும். விறகும் வீண், பருப்பும் விதையாக நிற்கும். காய் வெந்த பின்னரே அவற்றைச் சேர்த்து மூடிப் பத்து நிமிஷம் கொதிக்கவிடுக. வேறு சட்டியில் சிறிது எண்ணெயில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை இவற்றை வதக்கி, வறுத்து இடித்த பொடியை அதிலே ஒரு புரட்டுப் புரட்டிக் கொட்டுக. மசாலைச் சரக்குகளின் மணம் நீரைவிட எண்ணெயில் நன்றாக இறங்கும். நெடுநேரம் கொதித்தால் மிளகின் காரம் நிற்குமேயன்றி வாசனை நில்லாது. ஆதலால் பொடி கடைசியிலேயே சேரவேண்டும். பின் மத்தால் கடைந்து, அடுப்பைத் தணித்துத் தேங்காய்ப்பால் விட்டு, கொதி வருமுன் இறக்குக. கொதித்தால் பால் திரிந்துவிடும். துணியில் வடிகட்டிச் சக்கையை எறிவது ஆங்கிலச் சமையற்காரர் வழக்கம். நமக்கு அது வேண்டுவதில்லை. ஒரு கரண்டிச் சோற்றை இட்டு உண்ணும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால், சூட்டில் அழியாத வைட்டமின் 'சி' கிடைக்கும். பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர அது துணைசெய்யும்.

பாத்திரம் மண்சட்டியோ எவர்சில்வரோ ஆகலாம். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் ஆகா. புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும்.

மிகுந்ததைப் பாட்டிலில் அடைத்து வைக்கலாமா என்று கேட்பார் உண்டு. வைக்கலாகாது. பருப்பும் காயும் சேர்ந்த இவ்வுணவைக் காற்றுப் புகாமல் அடைத்தால், 'போட்டுலினம்' என்னும் கிருமி அதனுள் வளர்ந்து உயிரைப் போக்கும் நஞ்சை உண்டாக்கலாம். அக்கிருமியின் வித்துக்கள் சாதாரணக் கொதிநீரில் சாவதில்லை. ஆலைகளில் அழுத்தத்தின்கீழ் 121 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றியே டப்பிகளில் அடைக்கின்றனர். நஞ்சு கலந்தது பார்வைக்கோ வாசனைக்கோ தெரியாமலும் இருக்கும். கிராமத்தில் எவரேனும் இவ்வாறு அடைத்து விற்க முற்பட்டால், அதிகாரிகள் அதைத் தடுத்து, 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெறாமல் உணவுப்பண்டம் விற்கலாகாது என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சேமிக்க விரும்புவோர் மாங்காயைச் சேமிப்பதே தக்கது. உதிர்ந்த காய்களை அன்றே பொறுக்கிக் கழுவி, அடிபட்ட பாகத்தை வெட்டி நீக்கி, வண்டு துளைத்தவற்றைத் தள்ளி, மெல்லிய துண்டங்களாக அரிந்து உப்பில் பிசறி ஓர் இரவு வைக்கவும். பிறகு ஒடித்தால் முறியும் பதம் வரும்வரை வெயிலில் காயவைத்து ஜாடியில் இட்டு வைத்தால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மிளகுத்தண்ணீருக்கு மாவற்றல் கையிலிருக்கும். ஒரு கைப்பிடியை வெந்நீரில் ஊறவைத்து மாங்காய்க்குப் பதிலாக இடலாம். வற்றலில் புளிப்பு நிற்குமேயன்றி வைட்டமின் 'சி' பெரும்பாலும் போய்விடும். அந்நாட்களில் எலுமிச்சையை மறக்கலாகாது. வற்றலிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பின்னரே மேலும் உப்பிட வேண்டும்.