படபடப்பு எப்படித் தொடங்கியது?

 கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாட்களில் நான் அதிகம் கேட்பது, "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது டாக்டர்" என்பதைத்தான். பெரும்பாலோருக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. சிலருக்கு உண்டு. யார் அந்தச் சிலர் என்று தெரிந்துகொள்ள நான் முதலில் கேட்கும் கேள்வி: எப்படித் தொடங்கியது?

கர்ப்பத்தில் இதயம் கொஞ்சம் வேகமாகத்தான் அடிக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடிவிடுகிறது. அவ்வளவையும் சுற்றிவரச் செய்ய வேண்டுமே! அதனால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை ஏறுகிறது. முன்பு 75 இருந்தவருக்கு எட்டாம் மாதத்தில் 90 இருந்தால் அது இயல்பு. மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை முதுகுப் பக்கமுள்ள பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். அப்போதும் படபடக்கும், தலை சுற்றும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சரியாகிவிடும். இப்படி மெல்ல ஏறி மெல்ல இறங்குவது பெரும்பாலும் உடலின் சொந்தக் கணக்கு.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் 100-க்கு மேலேயே நின்றால் காரணம் தேட வேண்டும். அது பல நேரங்களில் இதயத்துக்கு வெளியே இருக்கும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். காய்ச்சலாக இருக்கலாம், வாந்தியில் நீர் வற்றியிருக்கலாம். முதல் மூன்று மாதங்களில் ஓயாத வாந்தியும் படபடப்பும் சேர்ந்து வந்தால் தைராய்டைப் பார்ப்போம். கர்ப்ப ஹார்மோனே தைராய்டைத் தூண்டிவிடுவதுண்டு. அது தானாக அடங்கிவிடும். உண்மையான தைராய்டு நோய் என்றால் மருந்து வேண்டும். மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையும் துடிப்பை ஏற்றும். ஆஸ்துமா இன்ஹேலரும் ஏற்றும். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூச்சுத்திணறல் படபடப்பைவிடக் குழந்தைக்குக் கெடுதல். காபியில் உள்ள கஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். கெட்டி டிகாக்‌ஷன் பழக்கமுள்ளவர்கள் இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதையும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரையின் பலன் குறையும்.

இனி அந்தச் சிலருக்கு வருவோம். சுவிட்சைத் தட்டியதுபோல் ஒரு நொடியில் தொடங்கி, நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை ஓடி, அதேபோல் ஒரு நொடியில் நின்றுவிடும் துடிப்பு. எஸ்விடி என்போம். இதயத்தின் மின்னோட்டம் ஒரு வட்டப்பாதையில் சிக்கிச் சுற்றுவதால் வருவது. அந்தப் பாதை பிறவியிலேயே இருந்து, கர்ப்பத்தில் முதன்முறையாக வெளிப்படலாம்.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர். துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று தொடங்கியதாம். மானிட்டரில் 190. வெற்று சிரிஞ்சின் முனையை வாயில் வைத்து, உள்தண்டு நகரும்படி 15 விநாடி ஊதச் சொன்னோம். சிலருக்கு இதிலேயே துடிப்பு இறங்கிவிடும், அவருக்கு இறங்கவில்லை. துடிப்பை அடக்கும் அடினோசின் ஊசியை எடுத்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊசி வேணாம் டாக்டர், பிள்ளைக்கு ஆகாது."

அந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய 10 விநாடிகூட ஆவதில்லை என்று அவருக்குச் சொன்னேன். குழந்தையைப் போய்ச் சேருமுன் தீர்ந்துவிடும். மருமகளிடம், "கொஞ்ச நேரம் நெஞ்சை அமுக்குற மாதிரி இருக்கும், உடனே போயிடும்" என்றேன். முழங்கை மடிப்பில் 6 மில்லிகிராம், பின்னாலேயே வேகமாக சலைன். இசிஜி காகிதத்தில் கோடு சில விநாடி படுத்தே ஓடியது. பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று. 92. வயிற்றில் டாப்ளரை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்க வைத்தோம். 140, அதற்குரிய வேகம்.

அந்த மாமியாரின் பயம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அன்பினால் வரும் பயம்தான், ஆனாலும் ஆபத்தானது. துடிப்பு அடங்காமல் தாயின் ரத்த அழுத்தம் விழுந்தால் கருப்பைக்குப் போகும் ரத்தம் குறையும். அடங்காத துடிப்பைவிட அதை அடக்கும் மருந்து குழந்தைக்குப் பாதுகாப்பானது. தாய் நிலைகுலைந்தால் நெஞ்சில் மின் அதிர்ச்சி கொடுத்தே துடிப்பைச் சீராக்குவோம். எந்த மாதத்திலும் அதைச் செய்யலாம். குழந்தையை எட்டும் மின்சாரம் மிகமிகக் குறைவு.

துடிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம். மெட்டோப்ரோலாலைப் பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவருகிறோம். அட்டினோலால் குழந்தையின் எடையைக் குறைக்கலாம். அமியோடரோன் அதன் தைராய்டைப் பாதிக்கலாம். இவற்றை மருத்துவர் மாற்றித் தருவார்.

சிறுவயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்தவர்கள் முதல் பரிசோதனையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். அதனால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால், சாதாரண வேகத் துடிப்பே நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடும். எக்கோ பார்த்தால் தெரிந்துவிடும்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, படுக்க முடியாத மூச்சிரைப்பு, ரத்தம் கலந்த சளி, ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வராதீர்கள். துடிப்பை அடக்கக் கழுத்து ரத்தக்குழாயை அழுத்திவிடுவது போன்ற வேலைகளை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். வந்து வந்து போகும் படபடப்பென்றால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இசிஜி எடுத்து, அதைக் கர்ப்பகாலக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு எடுத்த இசிஜியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

எஸ்விடி இருப்பதாலேயே சிசேரியன் தேவைப்படாது. பிரசவமான முதல் இரண்டு மூன்று நாட்கள் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கருப்பை சுருங்கி, அதிலிருந்த ரத்தம் தாயின் இதயத்துக்கே திரும்பும் நேரம் அது. வால்வு நோய் உள்ளவர்கள் திணறுவது அப்போதுதான். மெட்டோப்ரோலால் சாப்பிடும் தாய் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம்.