இடமாற்றக் கடிதத்தால் வராத பிடிப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏ-9 வீதியில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். மாங்குளத்தில் பஸ் மாறித் துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ போக வேண்டிய ஆசிரியருக்கு வழி இன்னும் நீளும். போருக்குப் பின் வீதி செப்பனிடப்பட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தது. இவை பெரிய நன்மைகள். ஆனால் நாளாந்தம் போய்வர முடிகிறது என்பதாலேயே, இந்த ஊர்கள் அடங்கிய வன்னியில் கற்பிக்கும் பலர் அங்கே வாழாமல் போனார்கள். பஸ் நேரம் பாடசாலை நேரத்தை ஆளத் தொடங்கினால், மாலை விளையாட்டும் பின்தங்கிய பிள்ளைக்கான மேலதிக வகுப்பும்தான் முதலில் கைவிடப்படும். இந்தப் பிள்ளைகளுக்கு அது சிறிய இழப்பு அல்ல. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 4.1 சதவீதம், கிளிநொச்சியில் அது 18.2 சதவீதம், மற்ற எல்லா மாவட்டங்களையும்விட அதிகம். ரியூசனுக்குக் காசில்லாத வீட்டுக்குப் பாடசாலையே எல்லாம்.

கட்டாய சேவைக் காலம் ஆசிரியரை வன்னிக்குக் கொண்டுவருகிறது; அது முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார். ஊழியர் ஓரிடத்தில் தங்குவதற்கு மூன்று வகைப் பிணைப்பு உண்டு என்று கனடாவின் ஜோன் மேயரும் நடாலி அலனும் 1991இல் எழுதினார்கள். விரும்பித் தங்குவது ஒன்று. போனால் இழப்பு வரும் என்று தங்குவது இன்னொன்று. தங்குவதே முறை என்ற உணர்வு மூன்றாவது. கட்டாயத்தால் இரண்டாவது வகையை மட்டுமே உண்டாக்க முடியும். அது வரவுப் பதிவேட்டை நிரப்பும், வகுப்பறையை நிரப்பாது.

கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். கூட்டத்தான் வேண்டும், போக்குவரத்துச் செலவே சம்பளத்தைத் தின்கிறது. ஆனால் அமெரிக்க ஆசிரியர்களைப் பற்றி ரிச்சர்ட் இங்கர்சோல் 2001இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது. அதிருப்தியால் விலகியோர் குறைந்த சம்பளத்தோடு, நிர்வாகத்தின் ஆதரவின்மையையும் முடிவுகளில் தமக்குக் குரலில்லாததையும் காரணமாகச் சொன்னார்கள். விலகலைத் தடுக்காமல் புதிதாக ஆட்சேர்ப்பது மட்டும் பற்றாக்குறையைத் தீர்க்காது என்பது அவர் முடிவு. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: துருசைத் திறந்துவிட்டு வாய்க்காலால் எவ்வளவு நீர் கொண்டுவந்தாலும் குளம் நிரம்பாது. அமெரிக்க நகரப் பாடசாலையும் வன்னியின் மல்லாவிப் பாடசாலையும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும் சொல்லைக் கேட்கும் அதிபரும் நியாயமான நேரசூசியும் எந்த ஊர் ஆசிரியருக்கும் வேண்டியவை.

அரச சம்பளம் வாங்குபவர் அனுப்பிய இடத்தில் பணிசெய்ய வேண்டும் என்ற வாதம் வலுவானது. பிள்ளையின் உரிமை அதன் பின்னால் நிற்கிறது. ஆனால் கடமை இரு பக்கமும் உண்டு. விடுவிப்பதாகச் சொன்ன திகதியில் விடுவிக்காத நிர்வாகம், அடுத்து வருபவரின் நம்பிக்கையையும் சேர்த்தே கெடுக்கிறது. உள்ளூரவர்களையே நியமிக்கலாம் என்போர் சொல்வதும் சரிதான், எனக்கும் அதுவே விருப்பம். எனினும் உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் இல்லாத பாடசாலைகளிலிருந்து அப்பாடங்களுக்கான பட்டதாரிகள் உடனே வரமாட்டார்கள்.

அதுவரை வெளியிலிருந்து வருபவரைத் தங்கவைக்க வேண்டும். பூட்டக்கூடிய கதவும் நல்ல தண்ணீரும் உள்ள ஆசிரியர் விடுதி, தனியே வரும் இளம் ஆசிரியைக்குக் கொடுப்பனவைவிடப் பெரிது. இடமாற்ற விண்ணப்பங்களை வலயக் கல்விப் பணிமனைகள் பாடசாலை வாரியாகத் தொகுத்தால், எந்தப் பாடசாலையின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அங்கே இன்னொருவரை அனுப்புமுன், யாராவது போய் அந்த விடுதியின் கிணற்றையும் கூரையையும் பார்த்து, புறப்படப்போகும் ஆசிரியரோடு ஒரு மணி நேரம் இருந்து பேச வேண்டும்.