புளிக்கு வைத்த பரீட்சை!

மாசி, பங்குனி வந்துவிட்டால் தர்மபுரி மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் புளிதான். ஏலம் எடுத்தவர்கள் சாலையோர மரங்களில் ஆட்களை ஏற்றி உலுக்குவார்கள். வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் கூடி உட்கார்ந்து ஓட்டை உடைப்பார்கள், நாரை உரிப்பார்கள், கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். பக்கத்தில் விளையாடும் குழந்தையின் வாயில் ஒரு துண்டுப் புளி ஊறிக்கொண்டிருக்கும்.

அந்தக் குழந்தை சிரிக்கும்போது பாருங்கள். சில ஊர்களில் பல் வெள்ளையாக இராது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ, குறுக்கே கோடு கிழித்தது போல இருக்கும்.

"பிள்ளைக்குப் பல் தேய்த்துவிடுவதே இல்லையா?" என்று வெளியூர் உறவினர் கேட்பார். தாய்க்கு முகம் சுண்டிப் போகும். தேய்த்துத்தான் இருக்கிறாள். சாம்பல், உப்பு, வேப்பங்குச்சி, பற்பொடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கறை போகவில்லை. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்துவிட்டால், பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டிய கதியும் வந்து சேருகிறது.

தாயின் மீது குற்றம் இல்லை. அது பல்லின் மேல் ஒட்டிய அழுக்கு அல்ல. பல் வெளியே வருவதற்கு முன்பே, ஈறுக்குள் உருவாகும்போதே ஏறிய கறை. அதை ஏற்றியது குடிதண்ணீர். தண்ணீரில் கலந்திருக்கும் அந்தப் பொருளின் பெயர் புளோரைடு.

ஊரில் தண்ணீர் கெடுதல் செய்கிறது. அதே ஊரில் புளி கொட்டிக் கிடக்கிறது. இந்தப் புளி அந்தக் கெடுதலைப் போக்குமா? விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். கேட்டதோடு விடாமல், புளிக்கு ஒரு பரீட்சையே வைத்துப் பார்த்தார்கள்.

பாறையில் இருந்து வருவது

புளோரைடு பாறைகளில் இருக்கும் ஓர் உப்புப் பொருள். தர்மபுரி வட்டாரம் கெட்டிப் பாறை மேல் அமைந்த பூமி. மழைத் தண்ணீர் பாறை இடுக்குகளில் வருஷக் கணக்கில் தங்கும்போது, புளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அதில் சேருகிறது. திறந்த கிணறுகள் வற்றியதும் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினார்கள். ஆழத்தில் இருந்து வந்ததோ பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணீர்.

பார்த்தால் பளிங்கு போல இருக்கும். நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசியிலும் வித்தியாசம் தெரியாது. காய்ச்சிக் குடித்தால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சினால் கிருமிதான் சாகும். தண்ணீர் ஆவியாகிப் போக, புளோரைடு பானையிலேயே தங்கிவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம். வேறு வழி இல்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நமது நாட்டின் அளவு. அதற்கு மேல் போனால் குழந்தைகளின் பல் கறையாகிறது. மிக அதிகமாகி, பல வருஷம் குடித்தால் எலும்பைப் பிடிக்கிறது. கழுத்தைத் திருப்ப முடியாது. முதுகு விறைக்கும். மூட்டு வலிக்கும். சில குழந்தைகளுக்குக் கால் வளைந்துவிடுவதும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. புளோரைடு சிறிதளவு இருந்தால் பல் சொத்தை ஆவது குறையும். அதனால் அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற நகரத்தில் 1945-ம் ஆண்டில் குடிதண்ணீரில் புளோரைடைச் சேர்க்கவே தொடங்கினார்கள். அங்கே சேர்த்தார்கள், இங்கே அதை எடுக்கப் பாடுபட வேண்டியிருக்கிறது!

மாடு காட்டிக் கொடுத்தது

இந்த நோயை இந்தியாவில் முதலில் காட்டிக் கொடுத்தவை மாடுகள். 1930-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் பக்கத்தில் உழவு மாடுகள் நடக்க முடியாமல் நொண்டின. விவசாயிகள் மாட்டை மாற்றிப் பார்த்தார்கள். புதிய மாடும் சில காலத்தில் நொண்டியது. பிறகு மனிதர்களிடமும் அதே கோளாறு தெரிந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் 1937-ம் ஆண்டில் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

அமெரிக்காவில் பல் கறையின் காரணத்தைக் கண்டுபிடிக்க 30 வருஷம் பிடித்தது. 1901-ம் ஆண்டில் மெக்கே என்ற பல் டாக்டர் கொலராடோவில் இந்தக் கறையைப் பார்த்தார். 1931-ம் ஆண்டில்தான் சர்ச்சில் என்ற ரசாயன நிபுணர் தண்ணீரைச் சோதித்து, புளோரைடுதான் காரணம் என்று கண்டார்.

18 பையன்கள்

இப்போது புளிக்கு வருவோம். ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918-ம் ஆண்டில் குன்னூரில் தொடங்கி, 1958-ம் ஆண்டில் ஐதராபாத்துக்குப் போன நிறுவனம் அது. அதன் விஞ்ஞானிகள் முதலில் நாய்களுக்குப் புளி கொடுத்துச் சோதித்தார்கள். பிறகு மனிதர்களிடம் வந்தார்கள். அந்தச் சோதனையின் முடிவு 2002-ம் ஆண்டில் வெளியாயிற்று.

ஐதராபாத்தில் சமூக நலத்துறை நடத்திய விடுதிப் பள்ளி. அங்கே ஆரோக்கியமான 20 பையன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசி வரை இருந்தவர்கள் 18 பேர். சிலருக்கு மதியச் சாப்பாட்டோடு தினமும் 10 கிராம் புளி. அதாவது ஒரு நெல்லிக்காய் அளவு. மற்றவர்களுக்குப் புளி இல்லாத சாப்பாடு. இப்படி 18 நாள் நடந்தது. யாருக்குப் புளி, யாருக்கு இல்லை என்பதை விஞ்ஞானிகள் தங்கள் இஷ்டப்படி தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். ஆளைப் பார்த்துப் பிரித்தால் முடிவில் ஓரவஞ்சனை வந்துவிடும் அல்லவா?

உடம்பில் சேரும் புளோரைடில் பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே சிறுநீரைச் சோதித்தார்கள். புளி சாப்பிடாதபோது நாளொன்றுக்கு வெளியேறிய புளோரைடு 3.5 மில்லிகிராம். புளி சாப்பிட்டபோது 4.8 மில்லிகிராம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல்! துத்தநாகம், மக்னீசியம் போன்ற நல்ல சத்துக்கள் இதனால் வீணாகவும் இல்லை. அவை முன்பைவிடக் குறைவாகத்தான் வெளியேறின.

2004-ம் ஆண்டில் இன்னொரு சோதனை வெளியாயிற்று. இது புளோரைடு மிகுந்த ஊரிலேயே நடந்தது. முதலில் புளோரைடு நீக்கிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். கூடவே புளியும் கொடுத்தார்கள். எலும்பில் ஏற்கெனவே படிந்திருந்த புளோரைடு அதிகமாக வெளியேறியது தெரிந்தது.

புளி பரீட்சையில் தேறிவிட்டது.

அப்படியானால் நோய் ஏன்?

இங்கே ஒரு கேள்வி எழும். தர்மபுரியில் யார்தான் புளி சாப்பிடவில்லை? புளிக்குழம்பு, ரசம், கீரைக் கடைசல் எல்லாவற்றிலும் புளி உண்டு. பிறகு ஏன் பல் கறையாகிறது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் புளோரைடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காட்டு வேலை செய்கிறவர் ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிப்பார். 12 மில்லிகிராம் உள்ளே போய்விட்டது. பையன்களிடம் கண்ட அளவைப் பார்த்தால், புளி கூடுதலாக வெளியேற்றுவது 1.3 மில்லிகிராம். அதே ஆள் 1 மில்லிகிராம் மட்டுமே உள்ள தண்ணீரைக் குடித்தால்? உள்ளே போவது 3 மில்லிகிராம்தான். தண்ணீரை மாற்றியதால் 9 மில்லிகிராம் மிச்சம், புளியால் 1.3 மிச்சம். "புளி இருக்கிறதே" என்று அதே கிணற்றில் குடிப்பது, ஓட்டைப் படகில் உட்கார்ந்து டம்ளரால் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே கறையேறி வளர்ந்த பல்லைப் புளி வெளுக்காது. இனி முளைக்கப் போகும் பற்களைத்தான் காப்பாற்ற முடியும். குழந்தைக்குச் சுமார் 8 வயது ஆகும் வரை நிலைப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீர் அவசரமாக வேண்டியது அந்த வயதுக் குழந்தைகளுக்குத்தான். வயிற்றுப் புண் உள்ளவர்கள் புளியை அதிகமாக்குவதற்கு முன் டாக்டரைக் கேட்பது நல்லது.

புளிக்குத் துணையாக வேறு உணவுகளும் இருக்கின்றன. கேழ்வரகு, பால், கீரை ஆகியவற்றில் உள்ள சுண்ணாம்புச் சத்து, வயிற்றிலேயே புளோரைடைப் பிடித்து நிறுத்தும். கேழ்வரகுக் களி தர்மபுரிக்குப் புதிதல்ல. வைட்டமின் சி நிறைந்த நெல்லிக்கனியும் நல்லது. அதியமான் ஆண்ட தகடூரில், நெல்லிக்கனியின் பெருமையை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தேநீரை மட்டும் குழந்தைகளுக்குக் குறைக்கலாம். தேயிலையிலும் புளோரைடு இருக்கிறது.

புளியங்கொட்டையையும் விஞ்ஞானிகள் விடவில்லை. கொட்டைத் தூளைத் தண்ணீரில் போட்டால் புளோரைடை இழுத்துக்கொள்ளுமா என்று தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, இழுக்கிறது என்று 2006-ம் ஆண்டில் எழுதினார்கள். சோதனைச் சாலையில் கிடைத்த முடிவு அது. அதை நம்பி வீட்டுக் குடத்தில் கொட்டையைப் போட்டுக் குடிக்கக் கூடாது.

காவிரி வந்தது

பெரிய மருந்து காவிரித் தண்ணீர்தான். ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாயில் கொண்டுவரும் திட்டத்துக்கு 2008-ம் ஆண்டில் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாடு கடன் கொடுத்தது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கும் மேல். 2013-ம் ஆண்டில் திட்டம் திறக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு நோய்த் தடுப்பும் சேர்ந்திருக்கிறது.

குழாயில் காவிரி வரும் வீட்டில், குடிப்பதற்கும் சோறு குழம்பு ஆக்குவதற்கும் அதைத் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் போதும். அதனால் கெடுதல் இல்லை. குழாயில் வராத நாளில் எந்தக் கிணற்றை நம்புவது? ஒரே ஊரில் ஒரு கிணற்றில் புளோரைடு அதிகமாகவும், பக்கத்துக் கிணற்றில் குறைவாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது, சோதிக்கத்தான் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைச் சாலையில் தண்ணீரைப் பரிசோதிக்கிறார்கள்.

தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்துப் போக வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம்; புளோரைடு கண்ணாடியையும் சும்மா விடாது, கணக்குத் தவறிவிடும். எடுக்கும் முன் அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசிக்கொள்ள வேண்டும். பாட்டிலின் மேல் ஊர், தெரு, எந்தக் கிணறு, எடுத்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டிவிட வேண்டும்.