கெடா-கிளந்தான் மாடு

தைப்பூசத்தில் பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலை நோக்கி நகரத்தார் வெள்ளி ரதத்தை இழுத்துவரும் காளைகளை ஊரே நின்று பார்க்கும். கடலுக்கு அப்பால், கெடா, கிளந்தான் கம்பங்களில் மேயும் நாட்டு மாட்டை அதிகம் பேர் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய மாடு அது.

சிற்றுடல், பசு பெரும்பாலும் 200 முதல் 250 கிலோதான். நிறம் செம்பழுப்பு முதல் கறுப்பு வரை. காளைக்குச் சிறு திமில் உண்டு. எடையை மட்டும் பார்ப்பவர் இதைத் தள்ளிவிடுவார்; அது தவறான கணக்கு. வெக்கையும் ஈரமும் உண்ணியும் சீமை மாட்டை வாட்டும் இடத்தில் இது தளராது. சத்துக் குறைந்த புல்லைத் தின்றே சினை பிடிக்கும். கன்று சிறியதாக இருப்பதால் சிரமமின்றி ஈனும். செம்பனை மரங்களுக்கு அடியில் மேயவிட்டால் களை குறையும், களைக்கொல்லிச் செலவும் மிச்சமாகும்.

மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி, இதைப் பிராமன் இனத்தோடு கலந்து ‘பிராக்மாஸ்’ என்ற இறைச்சி மாட்டை உருவாக்கியது. உடல் பெருக்கப் பிராமன். தாங்குதிறனுக்கு இந்த நாட்டு மாடு. கலப்பு பெருகப் பெருகத் தூய மந்தைகள் அருகிவருகின்றன. அவற்றைத் தனியே பேணுவது அவசியம்.