ஓமக்குளத்துப் பள்ளி

சிதம்பரத்தினின்று காட்டுமன்னார்கோயிலுக்குச் செல்லும் சாலையில் குமராட்சியைக் கடப்பவர் இருமருங்கும் நெல்வயல்களையே காண்பர். கொள்ளிடத்தின் வடகரையாகிய இந்நாட்டில் நிலம் ஒருவருடையதாகவும், அதில் உழைக்கும் உடல் வேறொருவருடையதாகவும் நெடுங்காலம் இருந்து வந்தது. நந்தனாரைத் தடுத்த ஆண்டை பெரியபுராணத்தில் இல்லை. அவரைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். ஆயினும் நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்று கட்டளையிட்ட அந்த எஜமானர் வெறும் கற்பனை என்றால், இவ்வட்டாரத்துச் சேரிகளில் எவரும் நம்பியிருக்க மாட்டார்.

இத்தகைய நாட்டுக்கு 1910-ஆம் ஆண்டில் ஓர் இளந்துறவி வந்து சேர்ந்தார். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் ஆதிதிராவிடக் குடும்பமொன்றில் பிறந்தவர். பிள்ளைப் பெயர் முனுசாமி. திண்டிவனத்துப் பாதிரிமார் பள்ளியில் படித்து, கோலார் தங்கவயலில் சில காலம் இருந்து, வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் வேதாந்தம் பயின்று சுவாமி சகஜானந்தர் ஆனார்.

சந்நியாசிக்கு மடம் போதும் என்பது உலக வழக்கு. இவரோ 1916-இல் ஓமக்குளத்தில் 25 மாணவரைக் கொண்டு நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனார் தீயில் மூழ்கிய இடம் இதுவே என்பது ஊரார் நம்பிக்கை. நெருப்பில் புகுந்தே ஆலயம் சேர வேண்டியிருந்தவரின் பெயரை, சிறுவர் சிலேட்டுடன் நுழையும் வாயிலில் பொறித்ததை எளிய செயலாக நாம் கருதவில்லை.

பள்ளியை எழுப்புவதினும் அரிது பிள்ளையை அதற்கு வரவழைப்பது. மாடு மேய்க்கும் சிறுவன் படிக்கப் போனால் அன்றைய கூலி நெல் குறையும். ஆண்டையின் முகமும் மாறும். ஆதலின் உணவும் இருப்பிடமும் தராத கல்வி இப்பிள்ளைகளுக்கு ஏட்டளவிலேயே நின்றிருக்கும். அதற்கான பொருளைச் சுவாமிகள் ஊரூராகச் சென்று திரட்டினார்.

1927-இல் சிதம்பரம் வந்த காந்தியடிகள், நந்தனார் தாமே துன்பமேற்றுத் தடைகளை வென்றதைப் போற்றிப் பேசினார். அப்புகழ் நந்தனாருக்குத் தகும். ஆனால் அதே துன்பத்தை அவர் குலத்துக் குழந்தைகளும் ஏற்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று என்பது நம் அபிப்பிராயம். சுவாமிகளின் வாழ்நாள் முயற்சியும் அதையே காட்டுகிறது. 1926-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். சுதந்தரத்துக்குப்பின் 1952, 1957 ஆகிய இரு தேர்தல்களிலும் சிதம்பரம் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்று, பதவியில் இருக்கும்போதே 1959-இல் காலமானார்.

சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது 1947-இல். அதற்குள் ஓமக்குளத்துப் பள்ளிக்கு வயது முப்பத்தொன்று ஆகியிருந்தது.